இரண்டாவது தேள்: விஷத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்து வாங்குங்கள்

முதல் தேள் வீட்டுக்கு வந்து ஓராண்டு ஆனதும் கை துறுதுறுக்கத் தொடங்கும். ஈரமான தேங்காய் நார்த்தூள், கவிழ்த்துவைத்த மரப்பட்டை, வாரம் ஒரு சுவர்க்கோழி என்று எல்லாம் பழகிவிட்டது. பகலில் எட்டிப் பார்த்தால் தொட்டியில் மண் மட்டும்தான் தெரிகிறது. இன்னொன்று வாங்கினால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வரும். வருவதில் தவறில்லை. ஆனால் அது பெரும்பாலும் இரண்டு தப்பான பக்கங்களுக்கு இழுத்துப் போகிறது: இருக்கிற தொட்டியிலேயே துணைக்கு ஒன்றைப் போடுவது, அல்லது "கத்துக்குட்டித் தேள் போதும்" என்று கூடுதல் விஷமுள்ளதைத் தேடுவது.

முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தேளுக்குத் தனிமை என்று ஒரு குறை கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவின் பேரரசத் தேள் ஒரே வளையில் தாயும் பிள்ளைகளுமாகக் கூடி இருக்கும் என்பது உண்மை. ஆசியக் காட்டுத் தேள்கள் ஓரளவுக்குச் சகித்துக்கொள்ளும். அவ்வளவுதான். வெவ்வேறு இனங்களை ஒரே தொட்டியில் விட்டால் சில நாளில் ஒன்றுதான் மிச்சம் இருக்கும்; அதுவும் நன்றாகச் சாப்பிட்டிருக்கும். ஆகவே இரண்டாவது தேள் என்றால் இரண்டாவது தொட்டி. இதில் பேரமே இல்லை.

இரண்டாவது ஆசை கொஞ்சம் ஆழமானது. தேள் வளர்ப்பில் படிக்கட்டு ஒன்று இருப்பதாகவும், கீழ்ப்படியில் காட்டுத் தேள், மேற்படியில் கொல்லும் தேள் என்றும் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விஷம் கூடினால் நீங்கள் கற்றுக்கொள்வது எதுவும் கூடுவதில்லை, தொட்டியைத் திறக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதைத் தவிர. நிலம் மாறினால்தான் எல்லாம் மாறும்: மண், ஈரம், சூடு, அது ஒளிகிற விதம், வேட்டையாடுகிற விதம். மழைக்காட்டை ஓராண்டு பராமரித்த கைக்கு அடுத்த பாடம் பாலைநிலம்.

உங்களிடம் இருப்பது எது?

கடைக்காரர் "எம்பரர்" என்று சொல்லி விற்றது பேரரசத் தேளாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். உண்மையான பேரரசத் தேள், பாண்டினஸ் இம்பரேட்டர், கானா, டோகோ, பெனின், நைஜீரியா பக்கத்தது. செல்லப்பிராணி வணிகத்துக்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால் 1995 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். வரத்து குறைந்தபோது அந்த இடத்தைத் தாய்லாந்து, மலேசியா பக்கத்துக் காட்டுத் தேள்கள் பிடித்துக்கொண்டன. அவை ஹெட்டரோமெட்ரஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் கரியவை, தடித்த கிடுக்கி கொண்டவை. விளக்கு வெளிச்சத்தில் கிடுக்கியின் மேற்புறத்தைப் பாருங்கள். குருணை குருணையாக, செம்மை கலந்து, மயிர் முளைத்திருந்தால் ஆப்பிரிக்கர். வழவழப்பாகப் பளபளத்தால் ஆசியர்.

நம் ஊர் நட்டுவாக்காலியும் இந்தக் குடும்பம்தான். லொரென்சோ பிரெண்டினியும் ஸ்டெஃபனி லோரியாவும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் பழைய ஹெட்டரோமெட்ரஸைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பெருந்தேளுக்கு அப்போது கிடைத்த பேரினப் பெயர் ஜைகாண்டோமெட்ரஸ். உலகின் மிகப் பெரிய தேள்களில் ஒன்று அது. 20 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். ஊருக்குப் போகும்போது வரப்பிலிருந்து ஒன்றைப் பிடித்து டப்பாவில் போட்டுக்கொண்டு வரலாமே என்று தோன்றும். வேண்டாம். அது வாழ்ந்த வளையை உங்கள் தொட்டி ஈடுசெய்யாது. விமான நிலையத்தில் அகப்பட்டால் அதற்குப் பெயர் கடத்தல்.

உங்களிடம் இருப்பது ஆசியக் காட்டுத் தேள் என்றால், இரண்டாவதாகப் பேரரசத் தேளை வாங்கலாமா? தாராளமாக. அது சற்றுச் சாதுவும்கூட. ஆனால் அதே மண், அதே ஈரம், அதே சூடு. ஒரே சினிமாவை இரண்டு தியேட்டரில் பார்த்த கதை.

பாலைத் தேள்: என் முதல் பரிந்துரை

அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா, கலிஃபோர்னியா, நெவாடா பாலைவனங்களிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் வாழ்வது ஹெட்ரூரஸ் அரிசோனென்சிஸ். வணிகத்தில் பாலைவன மயிர்த்தேள் என்பார்கள். வட அமெரிக்காவின் மிகப் பெரிய தேள். 14 சென்டிமீட்டர் வரை வளரும். காலும் வாலும் வெளிர்மஞ்சள், முதுகு கருமை. உடலெங்கும் பழுப்பு மயிர், காற்றும் மண்ணும் அதிர்வதை அதன் மூலம் உணர்கிறது. விஷம் பெரும்பாலோருக்குத் தேனீ கொட்டிய அளவுதான்; ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்தக் கணக்குச் செல்லாது. காட்டுத் தேளைவிட முன்கோபி. தொட்டி அதிர்ந்தாலே வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அதன் வாழ்க்கை முழுவதும் வளையைச் சுற்றித்தான். இயற்கையில் ஒரு மீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டும். மேலே மணல் தகிக்கும்போது கீழே குளிர்ச்சியும் லேசான ஈரமும் இருக்கும். அதைத் தேடித்தான் இறங்குகிறது. வெறும் இரண்டு அங்குல மணலைப் பரப்பி, ஒரு கல்லை வைத்து, "பாலைவனம் ரெடி" என்பவர்களின் தேள் கொஞ்ச நாளில் மூலையில் சுருண்டு கிடப்பதன் காரணம் இதுதான்.

தொட்டியில் குறைந்தது 15 சென்டிமீட்டர், முடிந்தால் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் வேண்டும். வெறும் மணலில் வளை நிற்காது, சரிந்துவிடும். கழுவிய விளையாட்டு மணல் நான்கு பங்குக்குப் பொடித்த களிமண் ஒரு பங்கு சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்துக்குத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். தொட்டியில் அடுக்கடுக்காகப் போட்டு, உள்ளங்கையால் அழுத்திக் கெட்டிப்படுத்துங்கள். பிறகு ஒரு துடைப்பக் கம்பை ஒரு மூலையிலிருந்து சாய்வாகக் குத்தித் திருகி எடுத்தால் வளையின் வாசல் தயார். அடியில் கொஞ்சம் விரித்துவிட்டால் மீதியைத் தேளே பார்த்துக்கொள்ளும். தொட்டியின் எதிர் மூலையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அடிவரை செங்குத்தாக நட்டு வையுங்கள். மாதம் ஓரிரு முறை அதன் வழியாகச் சிறிது தண்ணீர் ஊற்றினால் அடிமண் மட்டும் நனையும். மேல்மண் காய்ந்தே இருக்கும். இந்தக் குழாய் ஒன்றுதான் பாலைத் தொட்டியின் உயிர்.

மண் முழுதாகக் காய ஒரு வாரம், சமயத்தில் இரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை தேளை வாங்காதீர்கள். காயாத மண்ணில் பாலைத் தேளை விட்டால் உடலில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிக் கருத்துப் பரவும். பூஞ்சைதான் காரணம் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், வந்தபின் செய்வதற்கு அதிகம் இல்லை, தொட்டியை உலர்த்துவதைத் தவிர. வளர்ந்த தேள் மீண்டும் சட்டை உரிக்காது. ஆகவே அந்தப் புள்ளியும் போகாது.

சூட்டுப் பாயைத் தொட்டிக்கு அடியில் வைப்பது காட்டுத் தேள் தொட்டியில்கூடச் சரியில்லை. பாலைத் தொட்டியில் அது கொலைக்குச் சமம். சூடு தாங்காதபோது இந்த உயிர் கீழே தோண்டும். அடியில்தான் சூடு இருக்கிறது என்றால்? பாயைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டி, தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள். வெயில் பக்கம் 30 முதல் 32 பாகை, நிழல் பக்கம் 25 பாகை. இரவில் 20 வரை இறங்கலாம். பாலைவனத்து இரவும் அப்படித்தான்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்க்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று: உங்கள் வீட்டில் சூட்டுக்குப் பஞ்சமில்லை, பிரச்சினை காற்றின் ஈரம். மேல்மூடி முழுவதும் கம்பிவலையாக இருக்கட்டும். லண்டனிலும் டொராண்டோவிலும் குளிர்காலத்தில் ரேடியேட்டர் காற்றை உலர்த்திவிடுவதால் பாலைத் தொட்டிக்கு அது வசதி. அதே வீட்டில் காட்டுத் தேளின் தொட்டிதான் காயும்.

இவ்வளவு பாடுபட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். சிவப்பு விளக்கு மட்டும் எரியும் இரவில் உட்கார்ந்து பாருங்கள். வளைவாசலில் கிடுக்கிகள் இரண்டும் வெளியே நீட்டியிருக்கும். தொட்டியின் மறுகோடியில் ஒரு சுவர்க்கோழியை விடுங்கள். அது முதல் அடி வைக்கும்போது ஒன்றும் நடக்காது. இரண்டாவது அடியில் தேளின் எட்டுக் கால்களும் அகலும். மூன்றாவது அடியில் உடம்பு முழுவதும் அந்தத் திசைக்குத் திரும்பியிருக்கும். திரும்பியதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கண் அதற்கு அவ்வளவாக உதவாது. மணலில் வரும் அதிர்வைக் காலால் படிக்கிறது. பிறகு ஒரே பாய்ச்சல். சின்ன இரை என்றால் கொடுக்கைத் தூக்குவதுகூட இல்லை. கிடுக்கி நெரிக்கும் சத்தம் கேட்கும். வாயருகே உள்ள சிறு கொறடுகள் மணிக்கணக்கில் மென்று கூழாக்கி உறிஞ்சும். காலையில் வாசலில் ஒரு கருப்புச் சக்கை உருண்டை கிடக்கும். அதை ட்வீசரால் எடுத்துவிடுங்கள், பூச்சி மொய்க்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தேளின் குட்டிகளை வீட்டில் வளர்த்துப் பெரிதாக்குவது மிகக் கடினம். சட்டை உரிக்கும்போது பல செத்துப்போகின்றன. அதனால் கடையில் இருப்பவை பெரும்பாலும் பாலைவனத்தில் பிடித்தவை. வயது தெரியாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டுக்கு மேலும் இருக்கும். ஆனால் நீங்கள் வாங்குவது அதில் எந்த ஆண்டை என்று யாராலும் சொல்ல முடியாது. பிடித்துவந்த உயிரை வாங்க மனம் ஒப்பவில்லை என்றால் அது நல்ல மனம். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

பாறைத் தேளும் குட்டித் தேளும்

தென் ஆப்பிரிக்கப் பகுதியின் தட்டைப் பாறைத் தேள், ஹேடோஜெனஸ், நீளத்தில் பேரரசத் தேளுக்கு நிகர். ஹேடோஜெனஸ் டிராக்ளோடைட்டஸ் இனத்தின் ஆண் 20 சென்டிமீட்டர் இருக்கும். அதில் பாதிக்கு மேல் நூல்போன்ற வால். உடல் தட்டையாக அமுக்கிவைத்தாற்போல இருக்கும், பாறை விரிசலுக்குள் புகுந்துகொள்ள. விஷம் மிக லேசு. தோண்டாது, ஓடாது, அவசரப்படாது. வளர்ப்பவரின் வேலை மண்ணில் இல்லை, கல்லில் இருக்கிறது. தட்டையான கற்பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, இடையில் தேளின் உடல் உயரத்துக்கு மட்டும் இடைவெளி விட்டு, மீன்தொட்டி சிலிக்கானால் அசையாமல் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் அடுக்கினால் ஒருநாள் சரிந்து, அடியில் இருக்கும் தேள் நசுங்கும். இடைவெளி பெரிதாக இருந்தாலும் பயனில்லை: முதுகும் வயிறும் கல்லில் படும் இடத்தில்தான் இது நிம்மதியாக இருக்கும்.

வளர்ச்சி மெதுவானது, பசியும் குறைவு. பலவாரம் சாப்பிடாமல் இருந்தால் பதறாதீர்கள். இதன் பூர்விக நாடான தென்னாப்பிரிக்காவில் இந்தப் பேரினமே பாதுகாக்கப்பட்டது. எனவே விற்பவரிடம், எந்த நாட்டிலிருந்து, எந்த அனுமதியோடு வந்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

பெரிதுதான் வேண்டும் என்று இல்லையா? அப்படியானால் எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை லியோகிலஸ் ஆஸ்திரலேசியே. மூன்று சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். இந்தியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, உளுத்த மரப்பட்டைக்கு அடியில் வாழ்கிறது. சில ஊர்க் கூட்டங்களில் ஆணே கிடையாது. ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் உள்ளவை பெண்கள் மட்டுமே, கூடாமலே குட்டி போடுகின்றன. விஷம் பொருட்படுத்தத் தக்கதல்ல. மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா, ஈரமான நார்த்தூள், அடுக்கடுக்காகப் பட்டைகள். இதில் நாலைந்தை ஒன்றாக வைக்கலாம், இரை தட்டுப்பாடில்லாமல் போட்டால். இரை என்றால் சுவர்க்கோழிக் குஞ்சுகள். பெரிய பூச்சி இதைத் தின்றுவிடும். நிலம் மாற வேண்டும் என்று மேலே சொன்னேன். இது அதே ஈரக் காடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனி உயிரைப் பார்ப்பதும் ஒரு குடித்தனத்தைப் பார்ப்பதும் வேறு. முதுகில் வெள்ளைக் குட்டிகளை ஏற்றிக்கொண்டு தாய் பட்டையின் ஓரத்தில் நிற்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தால் புரியும். குட்டிகள் முதல் சட்டை உரிக்கும்வரை தாயின் முதுகைவிட்டு இறங்காது. அதுவரை டப்பாவை நகர்த்தவோ தட்டவோ வேண்டாம். பதற்றம் கூடினால் தாய் குட்டிகளைத் தின்றுவிடும்.

சிறு தேள்களில் ஐரோப்பியக் கருந்தேளும் உண்டு. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஷீர்னஸ் துறைமுகச் சுவர்களின் விரிசல்களில் ஒரு கூட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வாழ்ந்துவருகிறது. இத்தாலியிலிருந்து கல் ஏற்றிவந்த கப்பலில் வந்து இறங்கியதாகச் சொல்வார்கள். தீங்கில்லாதது. ஆண்டில் சில இரை போதும் என்பதால், அடிக்கடி ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு ஏற்றது.

எதை விட வேண்டும்

தடித்த கிடுக்கி, மெலிந்த வால் என்றால் விஷம் லேசு. மெலிந்த கிடுக்கி, தடித்த வால் என்றால் எச்சரிக்கை. இந்த விதி பெரும்பாலும் பலிக்கும். வேட்டைக்கு வலிமை கிடுக்கியில் இருந்தால் விஷத்தில் அவ்வளவு தேவையில்லை என்பதுதான் காரணம். ஆனால் இது கடையில் நின்று சந்தேகப்பட உதவும் விதி. சமாதானப்பட உதவும் விதி அல்ல. ஈரானின் ஹெமிஸ்கார்ப்பியஸ் லெப்டூரஸ் மெலிந்த வாலுடையது. கொட்டினால் வலிகூட அதிகம் தெரியாது. ஆனால் திசுவை அழுகவைக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும்.

உலகில் 2,500க்கு மேற்பட்ட தேளினங்கள் உண்டு. மனித உயிருக்கு ஆபத்தானவை அதில் சிறு பகுதிதான். அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே பூத்திடே குடும்பத்தவை. வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் லெய்யூரஸ், கொழுத்த வாலுடைய ஆண்ட்ரோக்டோனஸ், தென்னாப்பிரிக்காவின் பாரபூத்தஸ் ஆகிய மூன்றும் ஆசைகாட்டும் பெயர்கள். பாரபூத்தஸ் டிரான்ஸ்வாலிகஸ் கொட்டுவதோடு நிற்காமல் விஷத்தைப் பீய்ச்சவும் செய்யும். குறி கண்ணாக இருக்கக்கூடும். இவற்றின் விஷமுறிவு மருந்து உங்கள் ஊர் மருத்துவமனையில் இருக்கும் என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்ற அனாஸ்கார்ப் மருந்து செண்ட்ரூராய்டஸ் தேள்களுக்கானது, ஆண்ட்ரோக்டோனஸுக்கானது அல்ல. மருந்து வைத்திருப்பவர்கள் அந்தத் தேள் இயற்கையில் வாழும் நாட்டுக்காரர்கள். நீங்கள் அங்கே இல்லை.

நம் ஊர்ச் செந்தேளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னதாக, அழகாக, இலவசமாகக் கிடைக்கிறது. ஃபேப்ரிசியஸ் 1798இல் அதற்கு வைத்த பெயரிலேயே தமிழ் இருக்கிறது: இன்றைக்கு ஹாட்டன்டோட்டா டமுலஸ். இதன் விஷம் இதயத்தைத் தாக்கி, நுரையீரலில் நீர் கோக்கவைக்கும். குழந்தைகள் அதிகம் இறந்தார்கள். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இரத்தக் கொதிப்புக்குத் தரும் பிரசோசின் மாத்திரையைக் கொண்டு 1980களில் சிகிச்சை வகுத்த பிறகுதான் இறப்பு பெரிதும் குறைந்தது. ஒரு மருத்துவர் வாழ்நாளையே செலவிட்டு அடக்கிய ஆபத்தை அழகுக்காக அலமாரியில் வைக்க வேண்டியதில்லை.

மரப்பட்டைத் தேள்களில் செண்ட்ரூராய்டஸ் விட்டாட்டஸ், கிழக்கு ஆப்பிரிக்காவின் சிவந்த பாபிகியூரஸ் போன்றவை கூட்டமாக வாழும், விஷம் நடுத்தரம் என்று சொல்லி விற்பார்கள். சுறுசுறுப்பும் அழகும் உண்மை. இவை கண்ணாடியில் ஏறாவிட்டாலும் மூலையில் உள்ள சிலிக்கான் கோட்டைப் பிடித்து மேலே ஏறிவிடும். மூடியின் உட்பக்கம் தலைகீழாகத் தொங்கும். திறந்ததும் கைமேல் விழ வாய்ப்புண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். மற்ற வீட்டில் மூன்றாவது தொட்டிக்கு வரும்போது யோசிக்கலாம்.

சட்டம்

பிரிட்டனில் 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டுவிலங்குச் சட்டத்தின்படி பூத்திடே குடும்பத்தில் எதை வளர்ப்பதற்கும் உள்ளூர் மன்றத்தின் உரிமம் வேண்டும். மேலே சொன்ன பட்டைத் தேள்களும் அதில் அடங்கும். பாலைத் தேள், பாறைத் தேள், லியோகிலஸ் ஆகியவை அந்தக் குடும்பத்தவை அல்ல. சிங்கப்பூரில் தேள் வளர்ப்பதே சட்டவிரோதம், எந்த இனமானாலும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தம் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களைத் தனி அட்டவணையில் கொண்டுவந்தது. பேரரசத் தேளை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சட்டமன்றம் உண்டு, வீட்டுக்காரர். அவரிடம் மறைத்து வளர்ப்பது நீடிக்காது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

விலைச்சீட்டில் "கருந்தேள்", "மஞ்சள் தேள்" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். மஞ்சள் நிறத்தில் தடித்த கிடுக்கியும் லேசான விஷமும் உடைய ஸ்கார்ப்பியோ மோரஸும் இருக்கிறது. அதே மஞ்சளில் லெய்யூரஸும் இருக்கிறது. லத்தீன் பெயரைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

அடிப்பக்கம் ஒளிபுகும் டப்பாவில் தேளை வைக்கச் சொல்லி, டப்பாவைத் தூக்கிக் கீழிருந்து பாருங்கள். கடைசிக் கால் இணைக்குப் பக்கத்தில் இரண்டு சீப்புகள் தெரியும். தேள் இவற்றால்தான் தரையை முகர்ந்து நடக்கிறது. ஆணுக்குச் சீப்பு நீளமாகவும் பற்கள் கூடுதலாகவும் இருக்கும். சீப்பு முறிந்திருந்தால் வேண்டாம். கால் மூட்டுகளிலும் வாயருகிலும் வெளிர்நிறப் புள்ளிகள் அசைந்தால் அவை உண்ணிகள், அதுவும் வேண்டாம். முதுகுத் தட்டுகளுக்கும் வயிற்றுக்கும் இடையே பக்கவாட்டில் உள்ள மெல்லிய தோல் லேசாக உப்பியிருந்தால் நன்றாகத் தின்ற தேள். உள்ளே ஒடுங்கி மடிப்பு விழுந்திருந்தால் தாகத்தில் இருக்கிறது. மிகவும் உப்பியிருந்தால் சினையாக இருக்கலாம். காட்டில் பிடித்த பெண் தேள் பல மாதம் கழித்துக்கூட உங்கள் வீட்டில் குட்டி போடும், ஓராண்டு வரை கரு சுமக்கும் இனங்கள் உண்டு. அந்தக் குட்டிகளுக்கு என்ன வழி என்று வாங்கும்போதே யோசியுங்கள்.

கடைசியாக, பின்பக்கத்தை மெல்லிய தூரிகையால் தொடச் சொல்லுங்கள். திரும்ப வேண்டும், அல்லது விலக வேண்டும். சும்மா கிடந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

வந்த முதல் மாதம்

புதுத் தேளை நேராகப் புதுத் தொட்டியில் விடாமல், காகிதத் துண்டு விரித்த தனி டப்பாவில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். உண்ணி இருந்தால் வெள்ளைக் காகிதத்தில் தெரியும். பழைய தொட்டியின் ட்வீசரை இதில் பயன்படுத்த வேண்டாம், இதற்கென்று ஒன்று வாங்குங்கள், ஒரு அடி நீளத்துக்குக் குறையாமல். கையில் எடுப்பது எந்த இனத்துக்கும் வேண்டாம். தேளுக்கு அது பாசமாகப் படாது. கீழே விழுந்தால் வயிறு பிளந்துவிடும்.

புற ஊதா டார்ச் ஒன்று இல்லாமல் இரண்டு தொட்டிகள் வைக்காதீர்கள். 365 முதல் 395 நானோமீட்டர் ஒளியில் தேள் நீலப்பச்சையாக ஒளிரும். மூடியைத் திறக்கும் முன் உள்ளே எங்கே இருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. தப்பித்துவிட்டால் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, சுவர் ஓரமாகத் தரையோடு டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள், அகப்பட்டுவிடும். அப்போதுதான் சட்டை உரித்த தேள் ஒளிராது. தோல் இறுகிய பிறகே ஒளி வரும். அழகாக இருக்கிறதே என்று மணிக்கணக்கில் அடிக்காதீர்கள், அது ஒளியைவிட்டு ஓட முயல்வதைப் பார்த்தாலே தெரியும்.

பாலைத் தொட்டிக்கு மாற்றிய முதல் சில நாள் இரை போட வேண்டாம். வளை தோண்டும், மணலை வாரி இறைக்கும், தண்ணீர்க் கிண்ணத்தை மூடிவிடும். கிண்ணத்தை மட்டும் துடைத்து வையுங்கள். ஒரு காலையில் வளைவாசல் உள்ளிருந்தே மண்ணால் அடைபட்டிருக்கும். செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்க்க வேண்டாம். குழாயில் மாதாமாதம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருங்கள், பசித்தால் கதவைத் தானே திறக்கும்.

இரண்டு தொட்டிகளின் நெற்றியிலும் இனத்தின் லத்தீன் பெயர், வாங்கிய தேதி, கடைசியாக இரை போட்ட நாள், அருகிலுள்ள நச்சு ஆலோசனை மையத்தின் எண் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். வீட்டில் நீங்கள் இல்லாத நாளில் அந்தச் சீட்டை வாசிக்கப் போகிறவர் உங்கள் அம்மாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம், ஆகவே பெயருக்குக் கீழே தமிழிலும் ஒரு வரி: "திறக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், எனக்குப் போன் செய்யவும்."